நிறுவலை விடு, தேற்றத்தை அனுப்பு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மாணவி லீனில் (நிறுவலைப் படிப்படியாகச் சரிபார்க்கும் மென்பொருள்) எழுதிக் கொண்டுவந்த 4,000 வரி நிறுவலைப் பற்றியே முக்கால் கடிதம் போய்விட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். "மெஷின் பிழையில்லை என்கிறது. நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்தாலும் முழுசாகப் பிடிபடாது. இதை நிறுவல் என்று எப்படி ஏற்பது?" என்று கேட்டிருக்கிறாய். உன் சந்தேகம் நியாயமானது. ஆனால் அதை வைத்திருக்கும் இடம்தான் சரியில்லை என்று நினைக்கிறேன். நீ அந்த 4,000 வரிகளைச் சந்தேகிக்கிறாய். என்னைக் கேட்டால், அவற்றுக்கு மேலே நின்று, எதை நிறுவுகிறோம் என்று சொல்லும் ஐந்தாறு வரிகளைத்தான், அதாவது தேற்றத்தின் கூற்றைத்தான், சந்தேகிக்க வேண்டும். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

இந்தக் கேள்வி முதலில் சூடுபிடித்தது நான்கு வண்ணத் தேற்றத்தை ஒட்டி. எந்த வரைபடத்திலும் பக்கத்து நாடுகள் ஒரே நிறம் பெறாமல் தீட்ட நான்கு நிறங்கள் போதும் என்பதே அது. 1976-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆப்பெலும் ஹாக்கனும் 1,800-க்கும் மேற்பட்ட வரைபட அமைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் 'குறைக்கத்தக்கது' (நான்கு நிறம் போதாத மிகச் சிறிய வரைபடம் ஒன்று இருந்தால் அதில் இது வர முடியாது) என்று கணினியில் சோதித்தார்கள். மொத்தம் சுமார் 1,200 மணி நேர ஓட்டம். அந்தச் சோதனை எப்படிப்பட்டது என்று பார். ஓர் அமைப்பைச் சுற்றி 14 நாடுகள் கொண்ட ஒரு வளையம் இருப்பதாக வை. பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறம் பெறாமல் நான்கு நிறங்களில் அந்த வளையத்தைத் தீட்டும் வழிகள், 3-ன் 14-ஆம் அடுக்கோடு 3-ஐக் கூட்டினால் வருவது, அதாவது 47,82,972. நான்கு நிறங்களையும் தங்களுக்குள் இடம் மாற்றிப் போட்டதெல்லாம் ஒன்றுதான் என்று சேர்த்து எண்ணினால் 1,99,291. இவை ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் நாடுகளுக்கு நீள்கிறதா, நீளாவிட்டால் கெம்பி சங்கிலிகளில் (இரண்டே நிறங்கள் பெற்று ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நாடுகளின் தொடர்) நிறங்களை மாற்றி நீளும் ஒன்றாக ஆக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். எந்த மனிதரும் உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய வேலை இல்லை.

1979-ல் டாமஸ் டிமோச்கோ என்ற தத்துவ அறிஞர் எழுப்பிய ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. நிறுவல் என்றால் ஒரு கணித அறிஞர் அதை முழுக்கக் கண்ணோட்டிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். கணினி செய்த பகுதியை யாராலும் அப்படிப் பார்க்க முடியாது. எனவே அந்தத் தேற்றத்தை நாம் அறிந்திருப்பது பகுத்தறிவால் மட்டும் அல்ல, 'இந்த மெஷின் ஒழுங்காக ஓடியது' என்ற அனுபவத் தகவலையும் நம்பித்தான். இது கணிதத்தையே ஓர் ஆய்வுக்கூட அறிவியலின் பக்கம் தள்ளிவிடுகிறது என்றார். உன் கடிதத்தின் அடிநாதமும் இதுதான்.

வாதம் வலுவானது. ஆனால் அது கணினியை மட்டும் தொடுவதாக நினைத்தால் தப்பு. நீளமான சங்கிலி வாதத்தில் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் ஒரே நேரத்தில் மனதில் நிற்பதில்லை, நடுவே நினைவை நம்ப வேண்டியிருக்கிறது என்பதைத் தத்துவ அறிஞர் டேகார்ட் 17-ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தார். அதற்கு அவர் சொன்ன வழி, நினைவின் பங்கு குறையும்வரை சங்கிலியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. இன்னொரு தத்துவ அறிஞர் ஹியூம் ஒருபடி மேலே போனார். எவ்வளவு தேர்ந்த கணித அறிஞரும் தன் நிறுவலை முதல் பார்வையிலேயே முழுக்க நம்புவதில்லை, திரும்பப் பார்க்கும்போதும் நண்பர்கள் ஒப்புக்கொள்ளும்போதும்தான் நம்பிக்கை ஏறுகிறது என்று 1739-லேயே எழுதினார். குலக் கோட்பாட்டில் புகழ்பெற்ற ஃபைட்–தாம்ப்சன் தேற்றத்தின் 1963-ஆம் ஆண்டு நிறுவல் 255 பக்கம். அதை ஒரே மூச்சில் 'கண்டவர்' யார்? இதே நான்கு வண்ணக் கணக்குக்கு 1879-ல் கெம்பி தந்த நிறுவலை எல்லோரும் படித்து ஏற்றுக்கொண்டார்கள். அதிலிருந்த ஓட்டை 1890-ல் ஹீவுட் காட்டும்வரை, 11 ஆண்டுகள், யார் கண்ணிலும் படவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஆப்பெல்–ஹாக்கன் நிறுவலில் இரண்டு பாதிகள் உண்டு. குறைக்கத்தக்கவை என்று சோதித்தது கணினி. எந்த வரைபடத்திலும் அந்த அமைப்புகளில் ஒன்றாவது வந்தே தீரும் என்ற பாதியைக் கையால் செய்தார்கள், நூற்றுக்கணக்கான பக்கங்களில். பின்னால் ஒருவர் அந்தக் கைவேலைப் பாதியில் சுமார் 40 சதவீதத்தைச் சரிபார்த்தபோது திருத்த வேண்டிய பெரிய பிழை ஒன்று அகப்பட்டது. அகப்பட்ட இடம் மனிதர் படிக்கக்கூடிய பகுதி என்பதைக் கவனி. 1997-ல் ராபர்ட்சன், சாண்டர்ஸ், செய்மூர், தாமஸ் நால்வரும் 633 அமைப்புகள், 32 விதிகள் என்று சுருக்கிப் புதிதாக நிறுவியபோது இரண்டு பாதிகளையுமே கணினி சரிபார்க்கும்படி செய்தார்கள். 2005-ல் ஜார்ஜ் கோந்தியே அதை, லீனைப் போலவே நிறுவலைச் சரிபார்க்கும் காக் மென்பொருளில், அடிக்கோள் (நிறுவாமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்று) மட்டம்வரை இறக்கினார்.

ஆக, மனிதர் ஒரு பக்கம் மெஷின் ஒரு பக்கம் என்று கோடு போட்டால் பயன் இல்லை. கோட்டைத் தேடலுக்கும் சரிபார்த்தலுக்கும் நடுவே போட வேண்டும்.

1989-ல் லாமும் அவரோடு உழைத்தவர்களும் 10-ஆம் வரிசை வீழ்ப்புத் தளம், அதாவது எந்த இரு புள்ளிகளும் ஒரே ஒரு கோட்டில் வந்து, எந்த இரு கோடுகளும் ஒரே ஒரு புள்ளியில் வெட்டும்படி 111 புள்ளிகளும் 111 கோடுகளும் கொண்ட அமைப்பு, கிடையாது என்று அறிவித்தார்கள். கிரே சூப்பர் கணினியில் சுமார் 2,000 மணி நேரம் தேடி, 'எதுவும் அகப்படவில்லை' என்பதே முடிவு. இப்படிப்பட்ட முடிவில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒன்று அகப்பட்டிருந்தால் அதை எடுத்து நீயே சோதித்துக்கொள்ளலாம். 'அகப்படவில்லை' என்பதற்குக் கையில் பிடிக்க எதுவும் இல்லை. நடுவில் ஒரு கிளையைத் தவறவிட்டாலும், ஒரு பிட் புரண்டாலும் அதே பதில்தான் வரும். லாம் இதை மறைக்கவில்லை, அது வழக்கமான பொருளில் நிறுவல் ஆகாது என்ற எச்சரிக்கையோடுதான் எழுதினார். 30 ஆண்டுகள் கழித்து வேறொரு குழு அதே தேடலைச் சரிபார்க்கத்தக்க சான்றுகளோடு மறுபடி செய்தது. முடிவு மாறவில்லை. ஆனால் பழைய தேடல்களின் இடைக்கணக்குகளில் பொருந்தாத இடங்கள் வெளிப்பட்டன.

'சான்று' என்றால் என்ன என்பதைக் கிட்டத்தில் காட்டுகிறேன், இது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அ, ஆ, இ மூன்றும் உண்மை அல்லது பொய் என்று எடுத்துக்கொள். நான்கு நிபந்தனைகள். ஒன்று: அ உண்மை அல்லது ஆ உண்மை. இரண்டு: அ உண்மை அல்லது ஆ பொய். மூன்று: அ பொய் அல்லது இ உண்மை. நான்கு: அ பொய் அல்லது இ பொய். நான்கும் ஒன்றாக நிறைவேற வழியே இல்லை என்பது ஒரு பெரிய நிரலின் முடிவு என்று வை. அந்த நிரலின் உள்ளே எத்தனை லட்சம் வரிகள் இருக்கின்றன என்று நீ கேட்கத் தேவையில்லை. அது ஒரு சீட்டு தருகிறது, அதில் முதல் வரி 'அ உண்மை'. சரிபார்க்கும் சிறு நிரல் அ பொய் என்று வைத்துப் பார்க்கிறது. முதல் நிபந்தனையால் ஆ உண்மை ஆக வேண்டும், இரண்டாவதால் ஆ பொய் ஆக வேண்டும். முரண்பாடு. எனவே 'அ உண்மை' பட்டியலில் சேர்கிறது. அடுத்த வரி 'முரண்பாடு'. அ உண்மை என்பதால் மூன்றாவது இ-யை உண்மையாக்குகிறது, நான்காவது பொய்யாக்குகிறது. முடிந்தது. சீட்டு எவ்வளவு நீளமானாலும் வேலையின் பெரும்பகுதி இதே ஒற்றை அசைவுதான். அடிப்படையான சரிபார்ப்பியைச் சில நூறு வரிகளில் எழுதிவிடலாம்.

2016-ல் ஹாய்லே, குல்மான், மாரெக் மூவரும் இந்த முறையில் ஒரு விடை தந்தார்கள். 1 முதல் 7,824 வரை உள்ள எண்களை இரு நிறங்களில் தீட்டி, எந்தப் பித்தாகரஸ் மும்மையும் (3, 4, 5 போல, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவதன் வர்க்கம் வருவது) ஒரே நிறத்தில் வராமல் செய்ய முடியும். 7,825 வரை என்றால் முடியாது. முதல் பாதிக்குச் சான்று ஒரு தீட்டல், அவ்வளவுதான். இரண்டாம் பாதிக்கான சீட்டு கிட்டத்தட்ட 200 டெராபைட். டிமோச்கோவின் அளவுகோலில் இது நிறுவலே அல்ல. என் பார்வையில், யாரும் புரிந்துகொள்ளாத நிறுவல் என்று சொல்லலாமே தவிர, யாரும் சரிபார்க்காத நிறுவல் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டையும் நாம் இத்தனை காலம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம். ஒரு தலை படித்துப் புரிந்துகொள்ளும்போது இரண்டும் சேர்ந்தே நடந்ததால் பிரித்துப் பார்க்க அவசியமே வரவில்லை.

லீன், காக், ஹோல் லைட் போன்ற நிறுவல் மென்பொருள்கள் எல்லாம் இதே கொள்கையின் பெரிய வடிவம். 1970-களில் ராபின் மில்னர் எடின்பரோவில் போட்ட அடித்தளம் அது. 'தேற்றம்' என்ற வகைப் பொருளை உண்டாக்கும் உரிமை கெர்னல் என்ற சிறு பகுதிக்கு மட்டுமே உண்டு. மற்ற நிரல்கள் எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும், எவ்வளவு மோசமாக எழுதியிருந்தாலும், கெர்னலின் விதிகள் வழியாகத்தான் வர வேண்டும் என்பது கொள்கை. ஹோல் லைட்டின் கெர்னல் ஏறத்தாழ 400 வரி, 10 அனுமான விதிகள், 3 அடிக்கோள்கள். ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம்.

கெர்னலிலேயே பிழை இருந்தால்? இருந்திருக்கிறது. காக் மென்பொருளின் ஒரு பழைய பதிப்பில், ஒரு வகையை 255-க்கு மேற்பட்ட கிளைகளோடு வரையறுத்தால், வேகமாகக் கணக்கிடும் பகுதி அவற்றின் அடையாள எண்களைக் குழப்பிக்கொண்டு, 'பொய்' என்ற கூற்றுக்கே நிறுவல் தந்துவிட்டது. வன்பொருளும் விதிவிலக்கு இல்லை. 1994-ல் பென்டியம் சிப்பின் வகுத்தல் அட்டவணையில் நிரப்ப வேண்டிய 1,066 இடங்களில் 5 விடுபட்டிருந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தவர் தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்களின் (11, 13 போல 2 வித்தியாசத்தில் வரும் பகா எண்கள்) தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கணக்குகள் ஒத்துவராததைத் துரத்திக்கொண்டு போய், பிழை சிப்பிலேயே இருப்பதைப் பிடித்தார். அவர் செய்ததுதான் இன்றும் மருந்து: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகளில் சரிபார்ப்பது. லீன் நிறுவலை, ரஸ்ட் மொழியில் தனியாக எழுதிய நானோடா என்ற சரிபார்ப்பியில் ஓட்டலாம், லீன்4லீன் என்ற இன்னொன்றில் ஓட்டலாம். ஒரே தவறு வெவ்வேறு கைகள் எழுதிய நிரல்களில் ஒரே இடத்தில் ஒரே விதமாக வருவது மிக அரிது. நிரலை மெஷின் மொழிக்குப் பெயர்க்கும் கம்பைலரையே நம்பாதே என்று 1984-ல் கென் தாம்ப்சன் காட்டிய வழியில் இன்னும் கீழே தோண்டலாம். அடி காணாது என்பது உண்மைதான். போதிய எண்கணிதம் கொண்ட, முரணற்ற எந்த அமைப்பும் தன் முரணின்மையைத் தானே நிறுவாது என்று கோடெல் அந்தக் கதவை அடைத்துவிட்டார். ஆனால் அந்தப் பள்ளம் காகிதத்தில் எழுதிய நிறுவலுக்கும் அதே ஆழம்தான்.

இப்போது உன் மாணவியின் ஃபைலுக்கு வருகிறேன். மெஷின் எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும் தொட முடியாத ஓரிடம் இருக்கிறது. நீ எழுதிய கூற்றும் நீ நினைத்த கூற்றும் ஒன்றுதானா என்பது அதற்குத் தெரியாது.

ஓர் உதாரணம். இரட்டைப் பகா எண்கள் முடிவற்றவை என்று எழுத வேண்டும். 'ஒவ்வொரு ந-வுக்கும் ஒரு ப உண்டு. ப, ந-வை விடப் பெரியது, மேலும் ப-வும் ப+2-வும் பகா எண்கள்' என்பது சரியான வடிவம். 'மேலும்' என்ற இடத்தில் கைதவறி 'எனில்' என்ற அம்புக்குறி விழுந்துவிட்டது என்று வை. 'ஒரு ப உண்டு. ப, ந-வை விடப் பெரியது எனில் ப-வும் ப+2-வும் பகா எண்கள்.' இப்போது ப-வாக ந-வையே எடுத்தால் போதும். ந தன்னைவிடப் பெரியதில்லை, எனவே 'எனில்' கூற்று தானாகவே உண்மை. ஒரே வரியில் நிறுவல் முடிந்து, கெர்னல் ஏற்றுக்கொள்ளும். இன்றுவரை தீராத கணக்கு தீர்ந்துவிட்டது போலத் திரையில் தெரியும். கெர்னல்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

லீனில் இப்படி வழுக்கும் இடங்கள் பல உண்டு. இயல் எண்களில் 2-லிருந்து 5 போனால் 0. 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. மெய் எண்களில் 1-ஐ 0-ஆல் வகுத்தால் 0. எதிர்ம எண்ணின் வர்க்கமூலமும் 0. வகையிட முடியாத புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பு 0 என்றே வரையறை. எனவே 'சிறும மதிப்புள்ள புள்ளியில் வகைக்கெழு 0' என்ற தேற்றத்தை, வகையிடத்தக்கது என்ற நிபந்தனையே இல்லாமல் அங்கே நிறுவிவிடலாம், 0-வில் கூர்முனை கொண்ட மட்டு எக்ஸுக்கும், அதாவது |x|-க்கும், அது பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் நடைமுறைக் காரணம் உண்டு. எல்லாச் சார்புகளுக்கும் எல்லா இடத்திலும் மதிப்பு இருந்தால் நிறுவல் எழுதுவது எளிது. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் கூட்டல் கழித்தல் குறிகளைப் பார்த்து, நாம் பள்ளியில் படித்த அர்த்தத்தை அவற்றின்மேல் ஏற்றிப் படித்தால் கால் வழுக்கும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'க ஒரு புலம்' (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் உள்ள அமைப்பு) என்றும், தனியாக 'க ஒரு வளையம்' (வகுத்தல் இல்லாமலும் இருக்கலாம்) என்றும் இரண்டு எடுகோள்களைப் புதியவர்கள் சேர்த்தே எழுதிவிடுவார்கள். புலம் என்றாலே வளையம்தானே, கூடுதலாக இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் லீன் அதை, க-வின்மேல் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கூட்டல்கள், இரண்டு பெருக்கல்கள் என்று எடுத்துக்கொள்கிறது. திரையில் இரண்டும் ஒரே + குறி. தேற்றம் எந்தக் கூட்டலைப் பற்றியது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கெர்னலின் உள்ளே இருக்கும் கூற்றும் திரையில் அச்சாகும் கூற்றும் வேறாக இருக்க முடியும் என்பதை ரேண்டி பொல்லாக் முன்பே எச்சரித்திருக்கிறார். இதற்கு அவசியமான கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

மிகச் சிறந்த வேலைகளிலும் தையல் தெரியும். கடையில் ஆரஞ்சுகளை அடுக்கும் விதத்தைவிட நெருக்கமாகக் கோளங்களை அடுக்க முடியாது என்று கெப்ளர் 1611-ல் சொன்ன கோள அடுக்கு ஊகத்தை ஹேல்ஸ் 1998-ல் நிறுவினார். 12 நடுவர்கள் ஆண்டுக்கணக்கில் படித்து, 99 சதவீதம் உறுதி என்றார்கள். அந்த ஒரு சதவீதத்துக்காக ஹேல்ஸ் ஃப்ளைஸ்பெக் என்ற பெரும் முயற்சியைத் தொடங்கி 2014-ல் முடித்தார். அங்கும் இறுதிக் கூற்று, 'இந்தச் சமனின்மைகளும் இந்த வரைபட வகைப்பாடும் சரி எனில் கெப்ளர் ஊகம் சரி' என்ற வடிவில் ஹோல் லைட்டில் நின்றது. சமனின்மைகளைச் சுமார் 5,000 புராசஸர் மணி நேரம் பல கணினிகளில் பிரித்து ஓட்டினார்கள். வகைப்பாட்டை இசபெல் என்ற வேறு அமைப்பில் நிறுவினார்கள். இசபெல்லின் கூற்றை ஹோல் லைட்டின் கூற்றாகப் பெயர்த்தது மனிதக் கை. ஹேல்ஸ் குழு இதை வெளிப்படையாகவே எழுதி வைத்தது. நல்ல நிறுவலுக்கு அதுவே அடையாளம் என்பேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. முதலில் தேற்றம் எந்த அடிக்கோள்களில் நிற்கிறது என்று லீனிடமே அச்சிடச் சொல். புராப்எக்ஸ்ட், கிளாசிக்கல் சாய்ஸ், குவோட் சவுண்ட் என்ற மூன்று வந்தால் வழக்கமானவை. சாரிஆக்ஸ் வந்தால் எங்கோ ஒரு படி நிரப்பாமல் கிடக்கிறது. கம்பைலரை நம்பச் சொல்லும் அடிக்கோள் வந்தால், நேட்டிவ் டிசைட் (கெர்னலுக்குப் பதில் கம்பைலர் வழியாகக் கணக்கிட்டு முடிக்கும் கட்டளை) எங்கே பயன்பட்டது என்று கேள். கெர்னலைச் சுற்றிக்கொண்டு ஒரு கூற்றை நேராகச் செருகுவதற்கும் வழி உண்டு என்பதால், தனிச் சரிபார்ப்பியில் ஒருமுறை ஓட்டச் சொல். இவ்வளவுக்கும் அரை நாள் போதும்.

மிச்ச நேரத்தையெல்லாம் வரையறைகளுக்குக் கொடு. தேற்றத்தில் வரும் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து, நூலகத்தின் பழகிய வரையறை வரும்வரை கீழே இறங்கிப் போ. அவளாகவே புதிதாக எழுதிய வரையறைகள்தான் முக்கியம். ஒவ்வொன்றுக்கும் பொருந்த வேண்டிய உதாரணம் ஒன்று, பொருந்தக் கூடாத உதாரணம் ஒன்று, இரண்டையும் நிறுவிக் காட்டச் சொல். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை, பிழை பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். எடுகோள்கள் எல்லாம் ஒன்றாக நிறைவேறும் பொருள் ஒன்றாவது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால், இல்லாத ஊருக்கு வழி சொன்ன கதைதான்.

புரிதல் போய்விடுமே என்றும் எழுதியிருந்தாய். நான்கு வண்ணத் தேற்றத்தில் 'ஏன் நான்கு' என்பது 633 அமைப்புகளைப் பார்த்தாலும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது இழப்புதான். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 2020 டிசம்பரில் கணித அறிஞர் பீட்டர் ஷோல்ட்ஸே, தானும் கிளாசனும் நிறுவிய ஒரு தேற்றத்தைத் தனக்கே முழு நம்பிக்கை இல்லை என்று லீன்காரர்களிடம் கொடுத்தார். 2022 ஜூலையில் சரிபார்த்து முடித்தார்கள். நடுவில் ப்ரீன்–டெலீன் பிரிப்பு என்ற கனமான கருவி தேவையே இல்லை, எளிய ஒன்று போதும் என்று கண்டார்கள். நிறுவல் உள்ளே எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது அதை எழுதியவருக்கே அப்போதுதான் தெளிந்தது.

ஒரு செய்தியையும் சேர்த்துவிடுகிறேன். 2024-ல் ஆல்ஃபாபுரூஃப் உள்ளிட்ட செயற்கை நுண்ணறிவு நிரல்கள் சர்வதேச கணித ஒலிம்பியாட் கணக்குகள் ஆறில் நான்கைத் தீர்த்து, வெள்ளிப் பதக்க அளவில் 28 புள்ளிகள் எடுத்தன. அப்போது கேள்விகளை லீன் போன்ற மெஷின் படிக்கும் மொழிக்குப் பெயர்த்துக் கொடுத்தவர்கள் மனிதர்கள். அந்தப் பெயர்ப்பையும் நிரலிடமே விட்டுவிட்டால், நிறுவுவதற்கு எளிதாக இருக்கும் பக்கமாகக் கூற்று சாய்ந்துபோக இடம் கொடுத்ததாகிவிடும். அந்த 'எனில்' அம்பை நினைத்துக்கொள்.

அவளிடம் சொல்லி, கடைசித் தேற்றத்தின் கூற்றையும், அதில் வரும் அவளுடைய சொந்த வரையறைகளையும், அடிக்கோள் பட்டியலையும் எனக்கு அனுப்பச் சொல். இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. நிறுவலை இப்போது அனுப்ப வேண்டாம். அந்த இரண்டு பக்கத்தை நீயும் தனியாகப் படித்து, 'இது இன்னதைச் சொல்கிறது' என்று உன் வார்த்தையில் எழுதி வை. நானும் எழுதுகிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்